உங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

குடமுருட்டிக் கரை | ஜூன் 12, இரவு

இன்று காலை மேட்டூரில் மதகைத் தூக்கினார்கள். டிவியில் ஐந்து நிமிடம் காட்டினார்கள். அந்த ஐந்து நிமிடமும் அப்பா நின்றுகொண்டே பார்த்தார். 82 வயது, முழங்கால் வலி. உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை.

பத்து நாளாக வீட்டில் இதே பேச்சுதான். பேப்பர் வந்ததும் அணை நீர்மட்டம் போட்டிருக்கும் கட்டத்தைத் தேடுவார். 120 அடியில் இன்றைக்கு எத்தனை, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் காபி. நாங்கள் இருப்பது சென்னையில், நான்காவது மாடியில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் ஜூன் பிறந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. சின்ன வயதில் மேற்கே இருந்து "தண்ணி வருது" என்று சத்தம் கேட்டதும் கரைக்கு ஓடுவோம். ஆறு முழுக்க மணல். அதில் பழுப்பாகத் தண்ணீர் நெளிந்து வரும். முன்னால் நுரையும் சருகும் காய்ந்த வரட்டியும் மிதக்கும். காய்ந்த மணல் தண்ணீரைக் குடிக்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம், குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். வளைக்குள் தண்ணீர் போனதும் நண்டுகள் பதறிக்கொண்டு மேலே ஏறும். பிள்ளைகள் நாங்கள் தண்ணீரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்போம். கால்விரலைத் தொடும்வரை நின்றுவிட்டு, தொட்டதும் நாலடி பின்னால் போவோம். அப்படியே அடுத்த ஊர் எல்லைவரை போயிருக்கிறோம். அப்பாயி படித்துறையில் இறங்கி, மடியில் முடிந்து வைத்திருந்த நெல்லையும் பூவையும் விட்டு, ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கலங்கல் தண்ணீர்தான். ஆனாலும் ஒரு வாய் குடிப்பார்.

ஊரில் வீடு இன்னும் இருக்கிறது. பின்கட்டு ஓடு சரிந்துவிட்டதால் இந்த மாதம் பிரிக்கப்போகிறோம். பத்தாயத்தை என்ன செய்வது என்று அண்ணன் கேட்கிறார். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அதற்குமுன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் தண்ணீர் வரும் நாள் எப்படி இருக்கும்? கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். இரவில் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

ஐயாறன் | ஜூன் 13

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நாள் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நடுவில் முக்கொம்பு. அங்கே கொள்ளிடம் பிரிகிறது. கல்லணைக்கு வந்தபிறகு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழி. பாசனத்துக்கு முதல் மூன்று, வெள்ளம் வந்தால் கொள்ளிடம். கரிகாலன் மணலில் கல்லைப் போட்டுக் கட்டிய இடத்தில்தான் இன்றைக்கும் தண்ணீரைப் பங்கு போடுகிறோம்.

எங்கள் ஊர் திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து பாலம் தாண்டவேண்டும். நான் தஞ்சாவூரில் படித்த காலத்தில், ஆனி பிறந்துவிட்டால் ஒவ்வொரு பாலத்திலும் பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாயும். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். "வெண்ணாத்துல வந்துட்டு, வெட்டாத்துல இன்னும் காணும்" என்று கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்வார். காவிரிப் பாலத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டால் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை மா குறுவை, நாற்று விட்டாச்சா, என்ன ரகம்.

ஜூன் 12-க்கு ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். குறுவை 110 நாள் பயிர். ஆனியில் நட்டால்தான் ஐப்பசி அடைமழைக்குமுன் அறுத்து வீடு கொண்டுவரலாம். தண்ணீர் ஒரு மாதம் தள்ளினால் கதிர் மழையில் சாயும். வயலிலேயே முளைத்துப்போன நெல்லை நான் பார்த்திருக்கிறேன். பச்சைப்பசேலென்று அழகாக இருக்கும். வாய்விட்டு அழத் தோன்றும்.

அரசலாறு | ஜூன் 14

அக்கா, நாங்கள் கும்பகோணம். எங்களுக்குத் தண்ணீர் வரும் நாளைவிட ஆடிப்பெருக்குதான் மனதில் நிற்கிறது. ஆடி 18-க்கு முந்தின ராத்திரியே அம்மா அரிசியை ஊறப் போட்டு, வெல்லமும் எள்ளும் சேர்த்துக் காப்பரிசி கலந்து வைத்துவிடுவார். காலையில் படித்துறையில் களிமண்ணோ மஞ்சளோ பிடித்து வைத்து, காதோலை கருகமணி, பழம், பூ எல்லாம் வைத்துக் காவிரியம்மாவுக்குப் படையல். புதுசாகக் கல்யாணமானவர்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கும் மஞ்சள் கயிறு உண்டு. வயது வித்தியாசம் பார்க்காமல் பெண்கள் ஒருவருக்கொருவர் கழுத்தில் கட்டிவிடுவார்கள். ஆண்பிள்ளைகள் கையிலும் ஒரு கயிறு கட்டுவார்கள்.

எங்களுக்கு முக்கியம் சப்பரம். தச்சர் செய்த சின்ன மரத்தேர், நாலு சக்கரம். அதில் சாமி படத்தை ஒட்டி, கலர் பேப்பர் சுற்றி, தெருவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு போவோம். சித்திரான்னம் கட்டிக்கொண்டு சாயங்காலம் கரைக்குப் போனால் திரும்பி வரவே மனசு வராது. புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். அதை வாழையிலையில் வைத்து ஆற்றங்கரையில் சாப்பிடும் ருசி வீட்டுக் கூடத்தில் வராது.

ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷங்களும் வந்தன. மணலில் ஊற்று தோண்டி, சில இடங்களில் குழாயடியில் நின்று, ஆடிப்பெருக்குக் கும்பிட்டார்கள். அந்தப் படையலை எப்படி நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

மன்னை | ஜூன் 14

சொந்த ஊர் மன்னார்குடி, ஆனால் வளர்ந்தது பெங்களூரில். தாத்தா நிலப் பத்திரத்தில் மா, குழி, வேலி என்று இருக்கிறது. கணக்கு புரியவில்லை. அப்புறம் பத்தாயம் என்றால் நெல் கொட்டும் மரப்பெட்டி என்று மட்டும் தெரியும், பார்த்ததில்லை. யாராவது சொல்ல முடியுமா?

குடமுருட்டிக் கரை | ஜூன் 14, இரவு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். அப்படியென்றால் கமலாலயம் குளம் மட்டும் சுமார் 33 ஏக்கர். நெல்லுக்கு மரக்கால், கலம். 12 மரக்கால் ஒரு கலம்.

பத்தாயம் எங்கள் வீட்டில் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆள் உயரத்துக்குமேல். ஒரே பெட்டியாகத் தெரியும், ஆனால் அடுக்கு அடுக்காகச் சட்டம். ஒவ்வொரு அடுக்கிலும் தச்சர் உளியால் கோடு கிழித்திருப்பார். முதல் அடுக்குக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு. பிரித்தால் அந்த வரிசையில்தான் திரும்பப் பூட்ட முடியும். மேல்பக்கம் மூடி, கீழே ஒரு சின்ன வாய், அதற்கு நகர்த்துகிற பலகை. பலகையைத் தூக்கினால் நெல் சரசரவென்று கூடையில் விழும். நெல் குறைந்து வாய்ப்பக்கம் வராதபோது என்னை மேலே தூக்கி உள்ளே இறக்கிவிடுவார்கள். இருட்டு, கதகதப்பு, பழைய நெல் வாசனை. காலால் நெல்லைத் தள்ளித் தள்ளி வாய்க்கு அனுப்பவேண்டும். வெளியே வந்தால் உடம்பெல்லாம் சுணை, ராத்திரி முழுக்க அரிப்பு. அப்பாயி தேங்காயெண்ணெய் தடவிவிடுவார்.

எங்கள் பக்கத்திலேயே, பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில், நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 3000 கலம் கொள்ளும். ஊருக்கு வரும்போது அதையும் பாருங்கள் தம்பி. உள்ளே எட்டிப் பார்த்தால் இந்த மண் ஒரு காலத்தில் எவ்வளவு விளைந்தது என்று உடம்புக்கே புரியும்.

தெற்குத்தெரு | ஜூன் 16

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். கோபமாக எழுதவில்லை. இந்த இழை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பாயி கீழ்வேளூர் பக்கத்தில் பண்ணையில் நட்டவர். தண்ணீர் வந்த மறுநாளே விடியுமுன் நாற்றங்காலில் இறங்கவேண்டும். நாற்றைப் பறித்து, வேரை அலசி, முடி கட்டி எறிவார்கள். முதல் நாற்றைச் சனி மூலையில் நட்டுக் குலவை போடுவார்கள். அந்தக் குலவை அழகு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அழகுதான். அதைப் போட்ட பெண்கள் இடுப்பு நிமிரச் சாயங்காலம் ஆகும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், அதில் மருதாணியை அரைத்துத் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்குவார்கள். உங்கள் பத்தாயத்துக்கு நெல் எங்கள் தலைச்சுமையில் வந்தது. ஆனால் எங்கள் அப்பாயி பத்தாயம் இருக்கும் கூடத்தைப் பார்த்ததே இல்லை. களத்தோடு சரி.

கூலி உயர்வு கேட்டதற்கு என்ன நடந்தது என்பது வெண்மணிக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். ஒவ்வொரு டிசம்பர் 25-க்கும் எங்கள் வீட்டிலிருந்து யாராவது கீழ்வெண்மணி போய்வருவோம். அதற்கு முன்னால், பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலத்தில், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டினார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் இந்த டெல்டாவின் பாரம்பரியம்தான். ஆடிப்பெருக்கை எழுதும் கையால் இதையும் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா, இதையும் உங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

குடமுருட்டிக் கரை | ஜூன் 17

படித்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னார். அப்புறம் இருட்டில் பேசினார்.

"நம்ம வீட்டுல ரெண்டு மரக்கால் இருந்துச்சு. நெல்லு வாங்க ஒண்ணு, கூலி அளக்க ஒண்ணு. எனக்குப் பத்து வயசுலயே தெரியும். தாத்தாகிட்ட கேக்கல. நான் கணக்குப் பாக்க ஆரம்பிச்சப்புறம் சின்னதைத் தூக்கிப் பரண்ல போட்டேன். தூக்கிப் போட்டேனே தவிர, அதுவரைக்கும் அளந்தது கொறைச்சல்னு யார்கிட்டயும் சொல்லல."

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். தெற்குத்தெரு, உங்களுக்கு நான் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. எழுதியதற்கு நன்றி.

தெற்குத்தெரு | ஜூன் 17

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். இப்படி ஒருவர் வாயால் கேட்க என் அப்பாயி இருந்திருக்கலாம்.

பூவரசு | ஜூன் 18

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் தண்ணீர் வந்தபிறகு நடப்பதை எழுதினீர்கள். நான் தண்ணீர் இல்லாத மாதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்து எடுத்ததும் தாளுக்கு நடுவே உளுந்து எட்டிப் பார்க்கும். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது, பனியிலேயே விளையும். இப்போது பெல்ட் வண்டி வைத்து அறுப்பதால் முளைத்தது நசுங்கிவிடுகிறது. கையால் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. நடவுக்குக்கூட வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

உளுந்து எடுத்தபிறகு, பங்குனி சித்திரையில், ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரி ஒருவர் வயலில் கிடை, மறுநாள் அடுத்த வயல். ஆட்டுப் புழுக்கை விழுந்த வயலில் பயிர் தனியாகத் தெரியும், அவ்வளவு கரும்பச்சை. கீதாரியின் பிள்ளைகள் எங்களோடு விளையாடுவார்கள். ஆனியில் தண்ணீர் வரும் பேச்சு அடிபட்டதும் கிளம்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் வரும்போது ஒரு சாண் வளர்ந்திருப்பார்கள்.

வெயில் காலத்துக்கு எங்களுக்கு விளையாட்டுச் சாமான் பூவரச இலை. இளசாக ஓர் இலை பறித்து, நரம்பைக் கிள்ளி எடுத்துவிட்டு, நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் லேசாகக் கடித்துத் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ. பெரிய இலைமேல் பெரிய இலையாகச் சுற்றிக்கொண்டே போனால் குரல் தடிக்கும். எங்கள் தெருவில் ஒருவன் முழ நீளத்துக்குச் சுற்றிக் கல்யாண ஊர்வலம் நடத்துவான்.

ஆடுதுறைக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில்தான் நிஜ நாயனம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்கா, இதை முக்கியமாகக் கவனியுங்கள்: நாயனம் ஆச்சா மரத்தில் செய்வது. அதுவும் பச்சை மரம் ஆகாது, பல வருஷம் காய்ந்த மரம் வேண்டும். அதனால் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் உத்தரமும் தூணும் ஆச்சா மரமாக இருந்தால் தேடி வாங்குவார்கள். பின்கட்டைப் பிரிக்கும்போது மரத்தை அப்படியே விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

புது ஆறு | ஜூன் 19

பட்டுக்கோட்டை. நாங்கள் கல்லணைக் கால்வாய்ப் பாசனம். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்தது. அதனால் எங்கள் பக்கம் இன்னமும் பெரியவர்கள் அதைப் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். உங்களுக்கு ஆயிரம் வருஷக் கதை. எங்களுக்குப் புன்செய்க் காடு நன்செய் ஆனதைக் கண்ணால் பார்த்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் தோப்பு 2018 நவம்பர் 16-இல் போனது, கஜா புயலில். தாத்தா வைத்த தென்னைகள். விடிந்து பார்த்தபோது வீட்டிலிருந்து கால்வாய்க் கரை தெரிந்தது. அதுவரை தோப்பு மறைத்திருந்ததால் ஒருநாளும் தெரிந்ததில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கன்று வைத்தோம். இப்போது பாளை விட்டு, காய் பறிக்கிறோம். புது ஆற்றில் நேற்றுத் தண்ணீர் வந்தது. கன்றுகள் இருக்கும் பக்கமாக மடையைத் திருப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

கடைமடைக்காரன் | ஜூன் 21

தலைஞாயிறு பக்கம். எல்லோருக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. எங்களுக்கு இன்னும் இல்லை. குறை சொல்லவில்லை, நடுவில் எத்தனை மடை, எத்தனை ஊர். முறை வைத்து விடும்போது கடைசியாகத்தான் எங்கள் பங்கு. நாங்கள் குறுவை நினைப்பதில்லை. சம்பாவுக்கு ஆவணியில் நேரடி விதைப்பு. ஆனாலும் இந்தத் தண்ணீர் வந்தால்தான் குளம் நிரம்பும், மாடு குடிக்கும், கிணறு உப்புக் கரிக்காமல் இருக்கும். கடல் பக்கம், அதனால் ஆற்றில் நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

வாய்க்கால் தூர் வாரி, மதகுச் சட்டத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். வந்ததும் எழுதுகிறேன்.

குடமுருட்டிக் கரை | ஜூன் 25

ஊருக்குப் போய் வந்தோம். ஆற்றில் இடுப்பளவு ஓடுகிறது. அப்பா படித்துறையில் மூன்று படி இறங்கி உட்கார்ந்தார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிக் காலை உள்ளே விட்டார். அரை மணி நேரம் அப்படியே.

பூவரசு சொன்னபடி ஆசாரியை வரவழைத்தோம். உத்தரத்தை உளியால் கொஞ்சம் செதுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, இரண்டு ஆச்சா மரம் என்றார். இரண்டும் நாயனம் செய்யப் போகின்றன. விலை பேசவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பத்தாயத்தைப் பிரிக்கவில்லை. குத்தகைக்குச் செய்கிறவர் விதைநெல் வைக்கக் கேட்டார். சீரகச் சம்பாவும் பூங்காரும் வைத்திருக்கிறார். கூடத்திலேயே இருக்கட்டும், வந்து போங்கள் என்று அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார்.

பரணில் அந்தச் சின்ன மரக்கால் இருந்தது. அப்பா அதைச் சென்னைக்கு எடுத்து வந்துவிட்டார், அவர் கட்டில் பக்கத்து மேஜையில் இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடைமடைக்காரன் அண்ணே, தலைஞாயிற்றில் வந்துவிட்டதா என்று அப்பா காலையும் மாலையும் கேட்கிறார்.

கடைமடைக்காரன் | ஜூலை 1

வந்துவிட்டது. நேற்று ராத்திரி ஒரு மணிக்கு, அரிச்சந்திரா நதியில். மதகில் படுத்திருந்த பையன்கள் போன் போட்டார்கள், டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். கணுக்கால் அளவுதான், ஆனால் நிற்காமல் வருகிறது. நீங்கள் எழுதிய அந்தச் சத்தத்தை நானும் நேற்றுத்தான் காது கொடுத்துக் கேட்டேன். கடல் பக்கத்துச் சட்டரை இறக்கிவிட்டோம். காலையில் குளத்து மடையைத் திறந்தாயிற்று, மாடுகள் இறங்கிவிட்டன. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.